ஊர் மாறினால் இதயமும் மாறுமா?



"எங்க பாட்டன் கறியும் நெய்யுமா சாப்பிட்டு எண்பது வயசு வரைக்கும் இருந்தாருங்க, அது ரத்தத்தோட பலம்" என்று கிராமக் கூட்டங்களில் யாராவது ஒருவர் எழுந்து சொல்லாமல் இருப்பதில்லை. எல்லாம் ரத்தத்தில்தான் இருக்கிறதா? அமெரிக்காவில் குடியேறிய ஒரு ஜனங்களின் கதையைக் கேளுங்கள்.

மெக்ஸிகோ, கியூபா, போர்ட்டோ ரிக்கோ, டொமினிக்கன் குடியரசு முதலிய இடங்களிலிருந்து அமெரிக்க நகரங்களுக்குப் போனவர்களையும் அவர்களுடைய வாரிசுகளையும் ஹிஸ்பானியர் என்கிறார்கள். சராசரியாகப் பார்த்தால் அங்குள்ள வெள்ளையரைவிட இவர்களுக்கு வருமானமும் படிப்பும் குறைவு. நீரிழிவும் உடல் பருமனும் அதிகம். ஆனாலும் இதய நோயால் இறப்பவர்கள் குறைவாகவே இருந்தார்கள்! 1986-ல் ஆராய்ச்சியாளர்கள் இதை ஒரு புதிர் என்றே எழுதினார்கள். திடகாத்திரமானவர்களே ஊரைவிட்டுக் கிளம்புவது, புகைபிடிப்பது குறைவு, குடும்பப் பாசம் என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன.

பிறகு 2008-ல் நியூயார்க்கின் பிராங்ஸ், சிகாகோ, மயாமி, சான் டியாகோ ஆகிய 4 இடங்களில் 16,000-க்கும் மேற்பட்ட ஹிஸ்பானியரைப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். இரத்தக் கொதிப்பு, கெட்ட கொழுப்பு, பருமன், நீரிழிவு, புகைபிடித்தல் இந்த ஐந்தில் ஒன்றாவது ஆண்களில் 100-க்கு 80 பேரிடமும் பெண்களில் 71 பேரிடமும் இருந்தது. மூன்றோ அதற்கு மேலோ சேர்ந்திருப்பது யாரிடம் அதிகம் தெரியுமா? அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள், போய் 10 வருஷமோ அதற்கு மேலோ ஆனவர்கள், ஸ்பானிஷை விட்டு ஆங்கிலத்துக்கு மாறியவர்கள். ரத்தம் அதேதான், பழக்கம்தான் வேறு.

சோள ரொட்டியும் வேகவைத்த பயறும் சாப்பிட்டவர்கள், கடையில் பொரித்த பண்டத்துக்கும் சர்க்கரை போட்ட கலர் பானத்துக்கும் பழகினார்கள். அடுப்பு மூட்ட நேரமில்லை, பாவம், அவர்களைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. சொந்த நாட்டில் பீடி சிகரெட்டைத் தொடாத பெண்கள் இங்கே வந்து அதையும் கற்றுக்கொண்டார்கள்.

ஆனால் ஒரு பக்கமாகவே பேசக் கூடாது. ஆங்கிலம் தெரிந்தவர்கள் டாக்டரிடம் போவது சுலபமாயிற்று. ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்வதும் கூடியது.

சாப்பாடும் புகையும் மட்டும்தானா? கலிபோர்னியாவில் குடியேறிய ஜப்பானியரைப் பற்றி 1976-ல் வெளிவந்த ஆய்வைப் பாருங்கள். தங்கள் வழக்கங்களை விடாதவர்களிடம் இதய நோய் ஜப்பானில் உள்ள அளவுக்கே குறைவு. முற்றிலும் மாறிப்போனவர்களிடமோ 3 முதல் 5 மடங்கு. உணவு, புகை, கொதிப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் அந்த வித்தியாசம் போகவில்லை. உற்றார் உறவோடு கூடி வாழ்வதும் இதயத்துக்கு மருந்தாக இருக்கலாம் என்று பலரும் யோசித்தார்கள்.

உங்கள் வீட்டிலும் சென்னைக்கோ வளைகுடாவுக்கோ போன பிள்ளை இருக்கலாம். லீவில் வரும்போது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்பான். இரத்தக் கொதிப்பு வலிக்காது, தலை சுற்றாது, பல பேருக்கு இருப்பதே தெரியாது. 30 வயது தாண்டியிருந்தால் நீங்கள் இருவரும் கூடவே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்; அங்கே கட்டணம் கிடையாது.