பரமார்த்த குருவிடம் படித்த பண்ணைக் கணக்கு

வங்கியில் 34 வருஷம் அடுத்தவர் கணக்கைப் பார்த்தவன் நான். ஓய்வு பெற்று பண்ணைக்கு வந்த முதல் வருஷமே சொந்தக் கணக்கில் கோட்டை விட்டேன். தவறைக் காட்டிக் கொடுத்தது எந்த மேலாண்மைப் புத்தகமும் இல்லை. பேரனுக்குச் சொல்லிக் கொண்டிருந்த பரமார்த்த குரு கதைதான்.

இத்தாலியிலிருந்து வந்து தமிழ் படித்த வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய கதைகள் அவை. 1822இல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சாகின. குருவுக்கு மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். சிரித்துவிட்டு மறந்து விடுகிறோம். அவர்கள் செய்த கூத்தில் பாதி நம் பண்ணையிலும் நடக்கிறது. நாலு கதையை மட்டும் எடுத்துக் கொள்வோம்.

பாடம் 1: எண்ணுகிறவனையும் எண்ணுங்கள்

ஆற்றைக் கடந்த பின் சீடன் ஒருவன் எண்ணிப் பார்க்கிறான். ஐந்து பேர்தான் இருக்கிறார்கள். தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். அடுத்தவன் எண்ணினாலும் ஐந்துதான். ஒருத்தனை ஆறு கொண்டு போய்விட்டதென்று ஒப்பாரி வைக்கிறார்கள்.

இனி என் கதை. ஒரு ஏக்கர் மாப்பிள்ளைச் சம்பா. அரைத்து வந்த அரிசி 570 கிலோ. வீட்டுக்கு 60 கிலோ, சொந்தபந்தங்களுக்கு 'ருசி பாருங்கள்' என்று 30 கிலோ. மீதி 480 கிலோவை 80 ரூபாய் வீதம் விற்றேன். வரவு 38,400. உழவு, நடவு, களை, இடுபொருள், அறுவடை, அரவை, சாக்கு, வண்டி எல்லாம் சேர்த்துக் கைச்செலவு 24,600. லாபம் 13,800 என்று ஊரெல்லாம் சொல்லிக் கொண்டு திரிந்தேன்.

ஒருநாள் பேரனுக்கு இந்த ஆற்றுக் கதையைச் சொல்லும்போது என் மனைவி கேட்டார்: "ஏங்க, உங்க நோட்டுல நாம ரெண்டு பேரும் எங்க இருக்கோம்?"

அப்புறம் உட்கார்ந்து எழுதினோம். மடை பார்த்தது, ஜீவாமிர்தம் கரைத்தது, அவர் புடைத்து, கல் பொறுக்கி, பை பையாகக் கட்டியது எல்லாம் சேர்த்து 64 ஆள் நாள். எனக்கு 350 போட்டு, அவருக்குக் குறைத்து எழுதப் போனேன். "என் முதுகு மட்டும் மலிவா வலிக்குதா?" என்றார். ரெண்டு பேருக்கும் 350. மொத்தம் 22,400. சாப்பிட்ட 60 கிலோவும் வருமானம்தானே, அதற்கு 4,800 வரவு வைத்தோம். கடைசியில் வந்தது 3,800 ரூபாய் நட்டம்! கிலோவுக்கு அடக்கம் 82 ரூபாய்க்கு மேல். நான் விற்றது 80.

இந்தக் கணக்கில் நிலத்துக்கு வாரமும் இல்லை, போட்ட பணத்துக்கு வட்டியும் இல்லை. வேளாண் செலவு மற்றும் விலைகள் ஆணையம் இதைத்தான் மூன்று படியாகப் பிரிக்கிறது. கைச்செலவு மட்டும் என்றால் ஏ2. குடும்ப உழைப்பைச் சேர்த்தால் ஏ2 கூட்டல் எஃப்எல். சொந்த நிலத்தின் வாடகை, முதலின் வட்டி இவையும் சேர்ந்தால் சி2. விலை கேட்கும்போது சி2வைப் போல் ஒன்றரை மடங்கு வேண்டும் என்று கோஷம் போடுகிறோம். நியாயமான கோரிக்கை. ஆனால் வீட்டு நோட்டில் ஏ2வை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் பேரம் பேசினால் எதை வைத்துப் பதில் சொல்வது?

பாடம் 2: குதிரை முட்டை வாங்காதீர்கள்

குருவுக்குக் குதிரை வேண்டும். கையில் பணம் குறைவு. பூசணிக்காயைக் காட்டி "இது குதிரை முட்டை" என்று ஒருத்தன் விற்கிறான். சுமந்து வரும் வழியில் விழுந்து உடைகிறது. பக்கத்துப் புதரிலிருந்து முயல் ஓடுகிறது. குட்டி ஓடிப் போச்சே என்று துரத்துகிறார்கள். காய் உடைந்த பிறகும் அது குதிரை முட்டைதான் என்று நம்பினார்களே, அதைக் கவனியுங்கள்.

2012 வாக்கில் கொங்குப் பகுதியில் ஈமுப் பண்ணைத் திட்டங்கள் சரிந்தது நினைவிருக்கும். மாதாமாதம் எவ்வளவு தருவார்கள் என்று கேட்டவர்கள் அதிகம். அந்தக் கறியை யார் வாங்கித் தின்னப் போகிறார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. இன்றைக்கும் மரம், மூலிகை, பழம் என்று புதுப்புது முட்டைகள் வாசலுக்கு வருகின்றன. லோன் மனு பார்த்த பழக்கத்தில் மூன்று கேள்வி வைத்திருக்கிறேன்:

1. கடைசியில் இதைச் சாப்பிடுகிறவர், பயன்படுத்துகிறவர் யார்?
2. விளைவித்து, விற்று, பணம் வாங்கிய உழவர் ஒருவரை நேரில் பார்க்க முடியுமா? கன்று விற்றவர் இதில் சேர மாட்டார்.
3. சொன்ன ஆள் வாங்க வராவிட்டால் வேறு யார் வாங்குவார்?

ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் அது பூசணிக்காய்தான். பூசணிக்காய் விலைக்குக் கொடுத்தால் வாங்கிக் கூட்டு வைக்கலாம்.

பாடம் 3: நிழலுக்கும் வாடகை உண்டா, முன்னாலேயே கேளுங்கள்

குரு ஒரு மாட்டை வாடகைக்குப் பிடித்துப் போகிறார். வெயில் தாங்காமல் அதன் நிழலில் உட்கார்ந்து இளைப்பாறுகிறார். மாட்டுக்காரன், "ஏறிப் போகத்தான் வாடகை பேசினோம். நிழலுக்குத் தனிக்காசு" என்கிறான். வழக்கு ஊர்ப் பெரியவர் வரை போகிறது.

இரண்டாம் வருஷம் பக்கத்து டவுனில் ஒரு கடைக்கு 100 கிலோ அரிசி கொடுத்தேன். விலை மட்டும் பேசினேன். மூன்று மாதம் கழித்துப் பணம் வந்தபோது ஏற்றுகூலி, பை செலவு, வண்டு விழுந்தது என்று வரிசையாகக் கழித்திருந்தார்கள். கோபம் வந்தது. யோசித்தால், நான்தான் கேட்கவில்லை. வங்கியில் இருந்தபோது கையெழுத்து இல்லாமல் பத்து ரூபாய் தராதவன், மூட்டையை வாய்ப்பேச்சில் இறக்கிவிட்டு வந்திருக்கிறேன்.

இப்போது ஒரு தாள் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுகிறோம். கிலோ விலை என்ன, வண்டிச் செலவு யாருடையது, எத்தனை நாளில் பணம், வண்டு விழுந்தால் யார் பொறுப்பு. நாலே வரி. தெரிந்தவர், நண்பர் என்றால் கட்டாயம் எழுதுங்கள். நட்பு கெடாமல் இருக்க அதுதான் வழி.

பாடம் 4: பட்டியலில் இல்லாத குரு

குதிரையில் போகும்போது குருவின் தலைப்பாகை விழுகிறது. சொல்லவில்லையே என்று சீடர்கள் எடுக்கவில்லை. விழுவதையெல்லாம் எடுங்கள் என்றால் சாணியையும் எடுத்துத் தலைப்பாகையில் கட்டுகிறார்கள். சரியென்று, எதை எதை எடுக்க வேண்டுமென்று பட்டியல் எழுதிக் கொடுக்கிறார். பிறகு குருவே பள்ளத்தில் விழுகிறார். பட்டியலில் அவர் பெயர் இல்லை! எழுதிக் கொடுத்த பிறகுதான் தூக்குகிறார்கள்.

நம்மிடமும் பட்டியல்கள் உண்டு. ஜீவாமிர்தத்துக்கு 10 கிலோ சாணி, 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, 200 லிட்டர் தண்ணீர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். மூலிகைப் பூச்சிவிரட்டிக்கும் பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியல் எதிலும் நாம் இல்லை. நம் கூலி இல்லை, இடுப்பு வலி இல்லை, பிள்ளையின் படிப்புச் செலவு இல்லை. மண் நலமாக இருக்கிறது, மாடு நலமாக இருக்கிறது, உழவர் பள்ளத்தில் கிடக்கிறார். எனக்குத் தெரிந்து இயற்கை வேளாண்மையை விட்டுப் போனவர்களில் சிலர், விளைச்சல் குறைந்ததால் போகவில்லை. தாங்கள் எவ்வளவு இழக்கிறோம் என்று தெரியாமலே களைத்துப் போனார்கள்.

இந்த மாத வீட்டுப்பாடம்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். நாலு கட்டம் போடுங்கள்: கையிலிருந்து போன பணம், வீட்டார் உழைத்த நாள், விற்ற வரவு, வீட்டுக்கு எடுத்ததன் மதிப்பு. ராத்திரி சாப்பிட்ட பிறகு ஐந்து நிமிஷம் போதும். எழுதும் பொறுப்பை வீட்டில் எல்லாரும் மாற்றி மாற்றி எடுத்துக் கொள்ளுங்கள். ஒருத்தர் விட்டதை இன்னொருத்தர் பிடிப்பார்.

கணக்கு எழுதிய மறு வருஷம் அரிசியைக் கிலோ 95 ரூபாய்க்கு விற்றேன். ஏன் இந்த விலை என்று கேட்டவர்களிடம் நோட்டைக் காட்டினேன். இரண்டு பேர் வாங்காமல் போனார்கள். மற்றவர்கள் இன்றும் வாங்குகிறார்கள். அதில் ஒருவர், "உங்க வீட்டம்மா கூலியும் இதுல இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் பணத்தை எடுத்தார்.