கண்டி மலைகளில் நாயோடு நடக்க: 20 பயனுள்ள குறிப்புகள்

கண்டியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். நகரமே ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தெற்கே ஹந்தானை, மேற்கே கடுகண்ணாவைப் பக்கம் அலகல்ல, வடகிழக்கே நக்கிள்ஸ் என்று நாம் அழைக்கும் தும்பறை மலைத்தொடர். விடுமுறை நாளில் ஒரு நண்பரையும் வீட்டு நாயையும் கூட்டிக்கொண்டு ஏறிவரும் ஆசை பலருக்கு உண்டு. நல்ல ஆசைதான். ஆனால் நண்பர் களைத்துப் போனால் வாய்விட்டுச் சொல்வார். நாய் சொல்லாது, கால் தேய்ந்தாலும் நாக்கு வறண்டாலும் உங்கள் பின்னாலேயே வந்துகொண்டிருக்கும். அதற்காக யோசிக்க வேண்டியவர்கள் நீங்கள் இருவரும்தான்.

புறப்படுவதற்கு முன்

1. உங்களுக்குப் பிடித்த மலையை விட நாயால் முடிந்த மலையைத் தெரிவு செய்யுங்கள். அதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. நாய்க்குக் கால் ஒடிந்தால், நீங்கள் இருவருமாகத் தூக்கிக்கொண்டு இறங்கக்கூடிய பாதையா? இல்லையென்றால் அந்த மலை வேண்டாம். கயிறு பிடித்தும் பாறையைத் தொற்றியும் ஏறவேண்டிய இடங்கள் நாய்க்கு உரியவை அல்ல. தேயிலைத் தோட்டத்து வண்டிப்பாதையும் புல்வெளிச் சரிவும் போதும்.

2. நாய்க்கு இடமில்லாத மலைகளை முதலிலேயே கழித்துவிடுங்கள். ஹோர்ட்டன் சமவெளி போன்ற தேசியப் பூங்காக்களுக்குள் வளர்ப்பு மிருகங்களைக் கொண்டுபோகக் கூடாது. நக்கிள்ஸ் காடு 2010இல் இலங்கையின் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. உலகில் அந்த மலைத்தொடரில் மட்டுமே வாழும் இலைமூக்கு ஓணான் போன்ற உயிர்கள் அங்கே இருக்கின்றன. மெதுவாக ஊரும் அந்தச் சின்னப் பிராணியால், ஓடித்துரத்தும் நாயின் வாயிலிருந்து தப்ப முடியாது. அங்கே போகும் நாளில் நாயை வீட்டில் விட்டுவிடுங்கள். சிவனொளிபாதமலை வழிபாட்டுத் தலம். அதுவும் நாயோடு போகும் இடமல்ல. ஹந்தானையும் பாதுகாக்கப்பட்ட பிரதேசம் என்பதால், எந்தப் பாதையில் நாயோடு போகலாம் என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

3. வயதையும் இனத்தையும் பாருங்கள். ஒரு வயது நிரம்பாத குட்டிக்கு எலும்பு முற்றியிருக்காது. நீண்ட ஏற்றம் அதற்குக் கெடுதல். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு ஏறும்போது மூச்சு முட்டும். முதிய நாய், பருத்த நாய், சினையாக இருக்கும் நாய் ஆகியவற்றுக்கும் மலை வேண்டாம். நம்மூர் நாட்டு நாய்கள் இந்த வெயிலுக்கும் சரிவுக்கும் நன்றாகத் தாக்குப்பிடிக்கும்.

4. தடுப்பூசிகளை ஒரு மாதம் முந்தியே முடித்துவிடுங்கள். விசர்நாய் நோய்க்கான ஊசி கட்டாயம். எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். எலியின் சிறுநீர் கலந்த சேற்றுநீரில் நாய்க்கு அது எளிதில் தொற்றும். உண்ணி மருந்தையும் மிருக வைத்தியரிடம் அப்போதே கேட்டு வாங்கலாம். ஹந்தானை அடிவாரத்திலேயே பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை இருப்பது கண்டிக்காரருக்குப் பெரிய வசதி.

5. சில வாரங்கள் பழக்குங்கள். வீட்டருகே ஏற்றமான வீதியில் அரை மணி நேரத்தில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுங்கள். “நில்”, “வா”, “விடு” என்ற மூன்று சொல்லுக்கும் நாய் கீழ்ப்படிய வேண்டும். நண்பர் சொன்னாலும் கேட்க வேண்டும். ஆகவே அவரையும் அந்த நடைகளுக்குக் கூட்டிப் போங்கள்.

6. காலத்தைப் பாருங்கள். கண்டிக்கு ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைந்த காலம். ஒக்டோபர், நவம்பரில் மழை உச்சம். பின்னேரங்களில் இடி மின்னலும் கூட. முதல் நாள் இரவே வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பையும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பார்த்துவிடுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளில் கண்டி மாவட்டம் எத்தனை உயிர்களைப் பறிகொடுத்தது என்பதை நாம் மறக்க முடியாது. எச்சரிக்கை உள்ள நாளில் வீட்டிலேயே இருங்கள். முன்பு நடந்த பாதை இப்போதும் இருக்கிறதா என்பதையும் ஊராரிடம் கேட்டறியுங்கள்.

7. கழுத்துப்பட்டியில் கயிற்றைக் கட்டாதீர்கள். மார்பையும் தோளையும் சுற்றி வரும் பட்டிதான் மலைக்கு ஏற்றது. சறுக்கினாலும் கழுத்து இறுகாது. முதுகில் கைப்பிடி உள்ளதாக வாங்கினால், கானைத் தாண்டும்போது நாயைப் பிடித்துத் தூக்கிவிடலாம். கயிறு சுமார் 2 மீற்றர் போதும். அதை மணிக்கட்டிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளாதீர்கள்; நாய் வழுக்கினால் உங்களையும் இழுத்துக்கொண்டு போகும்.

8. பையை இருவரும் பிரித்துச் சுமந்துகொள்ளுங்கள். ஒருவரிடம் தண்ணீரும் சாப்பாடும், மற்றவரிடம் மருந்தும் டோர்ச்சும். உப்பு முடிச்சு, சவர்க்காரத் துண்டு, கட்டுத்துணி, கிருமிநாசினி, இடுக்கி, மழைச்சட்டை, ஒரு பழைய சாரம், விசில் ஆகியவை கட்டாயம். சாரம் எதற்கு என்பதை 18ஆவது குறிப்பில் பாருங்கள்.

9. போக்குவரத்தை முதலிலேயே பேசிவையுங்கள். பஸ்ஸில் நாயை ஏற்றுவார்கள் என்று நம்பிப் புறப்படாதீர்கள். தெரிந்த ஆட்டோக்காரரிடம் நாய் வருவதையும் சொல்லி, திரும்ப அழைத்துப்போகும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பாதையில் ஏறுகிறீர்கள், எத்தனை மணிக்குள் இறங்குவீர்கள் என்பதை வீட்டில் ஒருவருக்கு எழுதிக் கொடுங்கள்.

வழியில்

10. விடிந்ததும் ஏறத் தொடங்கி, வெயில் உச்சிக்கு வருமுன் இறங்கத் தொடங்குங்கள். நண்பர் முன்னே, நாயோடு நீங்கள் பின்னே. மூவரில் யார் மெதுவோ அவருடைய நடைதான் அன்றைய நடை. அரை மணிக்கு ஒருமுறை நிழலில் நில்லுங்கள். திரும்பும் நேரம் வந்துவிட்டால், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்பிவிடுங்கள்.

11. தோட்டத்து வழியாகப் போனால் கேட்டுப் போங்கள். தேயிலைச் சரிவு அங்குள்ளோரின் வேலைத்தளம், லயம் அவர்களுடைய வீடு. எதிர்ப்படும் கங்காணியிடமோ அங்கே நிற்கும் ஒருவரிடமோ, “அண்ணே, இன்னைக்கு எந்த மலையில கொழுந்து எடுக்குறாங்க?” என்று கேளுங்கள். தோட்டத்தில் மலை என்றால் ஒரு தேயிலைப் பகுதி. கொழுந்து எடுக்கும் பக்கம் நாயைக் கொண்டுபோகாதீர்கள். முதுகில் கூடைப் பாரத்தோடு சரிவில் நிற்கும் பெண், நாயைக் கண்டு பதறி ஓர் அடி பின்வைத்தாலே விழுந்துவிடுவார். மருந்து அடித்த மலை எது என்றும் கேளுங்கள். களைநாசினி பட்ட பாதத்தை நாய் நக்கினால் நஞ்சு வயிற்றுக்குள் போய்விடும்.

12. கயிற்றை ஒருபோதும் அவிழ்க்காதீர்கள். காட்டுப்பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கு தேயிலை ஓரங்களிலும் பற்றைகளிலும் மறைந்திருக்கும். 2020 மே மாதம் மஸ்கெலியா, நல்லதண்ணிப் பக்கத்தில் அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று அப்படியான சுருக்கில் மாட்டி, சில நாட்களில் இறந்துபோனது. சிறுத்தையையே கொல்லும் கம்பிக்கு நாய் எம்மாத்திரம்! மலைநாட்டுச் சிறுத்தைகளுக்கு நாய் இரையும்கூட. அந்தி சாயும் நேரத்திலும் பற்றை ஓரத்திலும் நாயைக் காலடியிலேயே வைத்திருங்கள். நிலத்தில் கிடக்கும் எதையும் தின்ன விடாதீர்கள்.

13. குளவியைப் பற்றி விசாரியுங்கள். தோட்டத் தொழிலாளர் குளவி கொட்டி வைத்தியசாலைக்குப் போவது மலையகத்தில் ஓயாத செய்தி. “மேல குளவி கிளவி இருக்கா?” என்ற ஒரு கேள்வி உயிரைக் காக்கும். வாசனைத் திரவியம் பூசாதீர்கள். நாய் ஒரு மரத்தையோ மண்மேட்டையோ நோக்கி விடாமல் குரைத்தால் அதை இழுத்துக்கொண்டு விலகுங்கள். குளவி கிளம்பிவிட்டால் கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு, வந்த வழியே வேகமாகத் தூரம் போங்கள். பல இடத்தில் கொட்டினாலோ, மூச்சுத் திணறினாலோ, முகம் வீங்கினாலோ உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

14. அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும். ஏறுமுன் கணுக்காலில் ஈரச் சவர்க்காரத்தைத் தேய்த்து, நீளமான காலுறைக்குள் காற்சட்டையைச் செருகுங்கள். அட்டை பிடித்தால் பிய்த்து எறியாமல், வாய்ப்பக்கத்தில் நகத்தைக் கொடுத்து வழித்தெடுங்கள். இரத்தம் சற்று நேரம் கசியும், பயப்பட வேண்டாம். நாய்க்கு விரல் இடுக்கிலும் காதுக்குள்ளும் பாருங்கள். அதன் கண், மூக்குப் பக்கம் உப்பைத் தூவாதீர்கள். நீரோடையில் குடித்த நாய் சில நாள் கழித்துத் தும்மி, ஒரு நாசியில் இரத்தம் வடித்தால், உள்ளே அட்டை ஏறியிருக்கக்கூடும். அதை எடுப்பது மிருக வைத்தியரின் வேலை.

15. தண்ணீரும் சாப்பாடும் வீட்டிலிருந்தே. 15 கிலோ நாய்க்கு அரைநாள் நடைக்கு ஒரு லீற்றருக்குக் குறையாமல் கொண்டுபோங்கள். ஒரேயடியாகக் குடிக்க விடாமல், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ரொட்டியும் கட்டச்சம்பலும் உங்களுக்கு அமிர்தம். சம்பலில் உள்ள வெங்காயம் நாய்க்கு விஷம். சொக்கலேட், முந்திரிகை வற்றல், வேகவைத்த கோழி எலும்பு ஆகியவையும் வேண்டாம். உப்பில்லாமல் அவித்த கோழி இறைச்சியும் சோறும் சிறிதளவு போதும்.

மலைமேல்

16. நாய்க்கு உடற்சூடு ஏறுவதைக் கண்டுகொள்ளுங்கள். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். ஹந்தானை உச்சிகளில் புல்தான் அதிகம், நிழல் குறைவு. நாக்கு அகன்று தொங்கி, எச்சில் தடித்து, ஈறு கடுஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் உடனே நில்லுங்கள். நிழலில் கிடத்தி, வயிறு, தொடை இடுக்கு, பாதங்களில் தண்ணீர் விட்டு விசிறுங்கள். ஐஸ் வைக்க வேண்டாம். தெளிந்தாலும் அன்றைய ஏற்றம் அத்தோடு முடிந்தது.

17. மூடுபனி இறங்கினால் பாதையை விட்டு நகராதீர்கள். ஹந்தானையில் பெரிய மாணவர் குழு ஒன்றே மழையிலும் பனியிலும் சிக்கி, படையினர் போய் மீட்டுவந்ததுண்டு. விசிலை மும்மூன்றாக ஊதுங்கள். இடிச் சத்தம் கேட்டதுமே உச்சியையும் முகட்டையும் விட்டு இறங்குங்கள். தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள். இடிக்கு மிரளும் நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். இரு கையாலும் பிடியுங்கள். அவசரத்துக்குப் பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117.

18. நாய்க்கு அடிபட்டால் முதலில் அதன் வாயைத் துணியால் மெதுவாகக் கட்டுங்கள். வலியில் எந்த நாயும் கடிக்கும். மூச்சு முட்டும் நாய்க்கும் வாந்தியெடுக்கும் நாய்க்கும் மட்டும் கட்டக் கூடாது. பிறகு சாரத்தை விரித்து நாயை அதில் கிடத்தி, இருவரும் இரு பக்கமும் சுருட்டிப் பிடித்துத் தூக்குங்கள். கீழே இருப்பவர் அடி வைத்து “சரி” என்ற பிறகே மேலே இருப்பவர் அடி வைக்க வேண்டும். வலிக்கிறதே என்று பனடோல் கொடுத்துவிடாதீர்கள். அது நாய்க்கு நஞ்சாகும். வேறு நாய் உங்களைக் கடித்தால், காயத்தைச் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள்.

19. நெருப்பையும் குப்பையையும் மறந்தும் விடாதீர்கள். வறண்ட மாதங்களில் ஹந்தானைப் புல்லும் பைனஸ் சருகும் ஒரு தீப்பொறிக்குப் பற்றிக்கொள்ளும். அடுப்பு மூட்ட வேண்டாம். தேநீரைப் பிளாஸ்கில் கொண்டுபோங்கள். நாயின் மலத்தையும் பையில் கட்டித் திருப்பிக் கொண்டுவாருங்கள். மழையில் அது கரைந்து சேரும் ஓடையில்தான் கீழே பலர் குடிதண்ணீர் எடுக்கிறார்கள்.

வீடு திரும்பிய பின்

20. உங்களைக் கவனிக்குமுன் நாயைக் கவனியுங்கள். வெதுவெதுப்பான நீரில் கழுவித் துவட்டி, காது, கக்கம், வாலடி, விரல் இடுக்கு எல்லாம் தடவிப் பாருங்கள். தொட்டாற்சுருங்கி முள்ளும் ஒட்டுப்புல் விதையும் விரலிடையில் புகுந்து சீழ் வைக்கும். உண்ணியை இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் சுடுவதும் தவறு. அடுத்த மூன்று வாரத்துக்குள் நாய் சாப்பிடாமல் சோர்ந்து, ஈறு வெளிறி, சிறுநீர் கறுத்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். தாமதிக்காமல் மிருக வைத்தியரிடம் போங்கள். உங்களுக்கோ நண்பருக்கோ காய்ச்சல் வந்தாலும், மலைக்குப் போனதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மறுநாள் நாய்க்கு முழு ஓய்வு கொடுங்கள். அது நொண்டாமல் எழுந்து, வழக்கம்போல் சாப்பிட்டால், நீங்கள் தெரிவு செய்த மலை அதற்குச் சரியான மலை. அடுத்த முறையும் அந்த அளவைத் தாண்டாதீர்கள்.