மூணாவது முதல் அஞ்சாவது வரை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஒன்றாம் வகுப்பில் இடம் வாங்கப் பள்ளி பள்ளியாக ஏறி இறங்குகிறோம். பத்தாம் வகுப்பு வந்தால் வீட்டில் டிவியையே அணைத்து வைத்துவிடுகிறோம். நடுவே வரும் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால் எட்டு முதல் பத்து வயது வரையான அந்த மூன்று ஆண்டுகளில் விட்டுப்போவது பின்னால் எல்லாப் பாடத்திலும் தலைகாட்டும். தமிழ்நாட்டுப் பள்ளிகளை வைத்து, அந்த வகுப்புகளைப் பற்றி வீடுகளில் அடிக்கடி கேட்கும் ஆறு நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: “சின்ன வகுப்புதானே, ஆறாவதிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.”

உண்மை: ஒன்று, இரண்டாம் வகுப்புகளில் சூழ்நிலையியல் என்று ஒரே பாடமாக இருப்பது மூன்றாம் வகுப்பில் அறிவியல், சமூக அறிவியல் என்று இரண்டாகப் பிரிகிறது. பாடங்கள் நீள்கின்றன, புதுச் சொற்கள் குவிகின்றன. அதுவரை வாசிக்கக் கற்ற பிள்ளை இனி வாசித்துத்தான் மற்றதைக் கற்க வேண்டும். வாசிப்பு வளரும் படிநிலைகளை ஆராய்ந்த அமெரிக்கக் கல்வியாளர் ஜீன் சால், இந்தத் திருப்பம் ஏறக்குறைய நான்காம் வகுப்பில் வருவதை 1983இல் விளக்கினார். அங்கே தடுமாறும் பிள்ளைக்கு ஒரு பாடத்தில் மட்டும் சிக்கல் வருவதில்லை. எல்லாப் பாடமும் சேர்ந்தே கடினமாகிறது.

நம்பிக்கை 2: “கடகடவென்று வாசிக்கிறாள், தமிழ் வந்துவிட்டது.”

உண்மை: தடங்கலில்லாமல் வாசிப்பது பாதி வேலைதான். வாசித்தது புரிந்ததா என்பது தனிக் கேள்வி. அதைத் தமிழ்ப் புத்தகத்தில்தான் சோதிக்க வேண்டும் என்றில்லை, கணக்கிலேயே பார்த்துவிடலாம். “ராணியிடம் 24 மாம்பழங்கள் உள்ளன. அது அவள் தங்கையிடம் இருப்பதைவிட 6 அதிகம். தங்கையிடம் எத்தனை?” என்று நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டுப்பாருங்கள். ‘அதிகம்’ என்ற சொல்லைக் கண்டதும் கூட்டி, 30 என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. விடை 18. கூட்டல், கழித்தல் இரண்டும் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். யாரிடம் அதிகம், யாரிடம் குறைவு என்று வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கத்தான் வரவில்லை.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். “இதில் என்ன சொல்லியிருக்கிறது? உன் வார்த்தையில் சொல்” என்று கேளுங்கள்.

நம்பிக்கை 3: “வாய்ப்பாடு தலைகீழாகத் தெரிந்தால் கணக்கு வந்துவிட்டது.”

உண்மை: வாய்ப்பாடு வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஏழெட்டு எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் விரல்விட்டு எண்ணும் பிள்ளைக்கு வகுத்தல் பெரும்பாடாகிவிடும். ஆனால் இந்த வகுப்புகளின் கணக்கு வாய்ப்பாட்டோடு நிற்பதில்லை. நம் பாடநூலில் வடிவியல், எண்கள், அமைப்புகள், அளவைகள், நேரம், தகவல் செயலாக்கம், பின்னங்கள் என்று பல இயல்கள் இருக்கின்றன.

402லிருந்து 178ஐக் கழிக்கச் சொன்னால் சில பிள்ளைகள் 376 என்று எழுதும். கவனக்குறைவு என்று திட்டுவதற்கு முன் அந்த விடையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 8லிருந்து 2 போக 6, 7லிருந்து 0 போக 7, 4லிருந்து 1 போக 3. ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்திருக்கிறது பிள்ளை. மேலே இருப்பதிலிருந்துதான் கீழே இருப்பதைக் கழிக்க வேண்டும், போதாவிட்டால் பக்கத்து இடத்தில் கடன் வாங்க வேண்டும் என்பது பிடிபடவில்லை. இது இடமதிப்புக் கோளாறு. இன்னும் நூறு கணக்கைப் போடச் சொன்னால் நூறிலும் இதே தவறுதான் வரும். நூறுகட்டு, பத்துக்கட்டு, ஒற்றைக் குச்சிகளை வைத்து, ஒரு நூறுகட்டைப் பிரித்துக் காட்டினால்தான் தெளியும். சரியான விடை 224.

பின்னமும் அப்படித்தான். மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா என்றால், மூன்றைவிட நான்கு பெரிதென்று நான்கில் ஒன்றையே சொல்லும் பிள்ளைகள் உண்டு. ஒரே அளவில் இரண்டு தோசையை எடுத்து, ஒன்றை மூன்றாகவும் மற்றதை நான்காகவும் வெட்டிக் காட்டுங்கள். இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது. ஆய்வாளர் ராபர்ட் சீக்லரும் அவருடைய குழுவினரும் அமெரிக்க, பிரிட்டன் பிள்ளைகளின் நீண்டகாலத் தரவுகளை ஆராய்ந்து 2012இல் கட்டுரை வெளியிட்டார்கள். பத்து வயதுவாக்கில் பின்னமும் வகுத்தலும் எவ்வளவு தெரியும் என்பதை வைத்தே உயர்நிலைப் பள்ளிக் கணக்கில் அந்தப் பிள்ளைகள் எப்படி இருப்பார்கள் என்பதைக் கணிசமாகக் கணிக்க முடிந்தது. குடும்ப வருமானம், பொது அறிவுத்திறன் போன்றவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் அந்தத் தொடர்பு நிலைத்தது.

நம்பிக்கை 4: “அறிவியலும் சமூக அறிவியலும் மனப்பாடப் பாடங்கள்.”

உண்மை: நான்காம் வகுப்புச் சமூக அறிவியலில் மூவேந்தர்கள் வருகிறார்கள், ஐவகை நிலங்கள் வருகின்றன, நகராட்சியும் மாநகராட்சியும் வருகின்றன. கேள்வி-பதிலை நோட்டில் எழுதி ஒப்பித்தால் தேர்வு முடியும், பாடம் முடியாது. நம் தெருவில் குப்பை அள்ளுவது யார் பொறுப்பு, குழாயில் தண்ணீர் வராவிட்டால் எங்கே சொல்ல வேண்டும், நம் வார்டு உறுப்பினர் யார் என்று விசாரித்துவரும் பிள்ளைக்கு உள்ளாட்சி புரிந்துவிடும். கிராமத்துப் பிள்ளையானால் அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபைக்குக் கூட்டிப்போகலாம். அறிவியலும் அப்படித்தான். ஒரே அளவுள்ள இரண்டு ஈரத் துணியில் ஒன்றை விரித்தும் மற்றதை மடித்தும் காயப்போட்டு, எது முதலில் காய்கிறது, ஏன் என்று பிள்ளையே சொல்லட்டும். உற்றுப் பார்ப்பதும் காரணம் தேடுவதும்தான் இந்த வயதின் அறிவியல்.

நம்பிக்கை 5: “இங்கிலீஷ் வந்தால் போதும், தமிழ் தானாக வந்துவிடும்.”

உண்மை: பேசும் தமிழ் தானாக வரும். பாடத்தைப் படித்துப் புரிந்து, தொகுத்து எழுதும் தமிழ் கற்பித்தால்தான் வரும். ஒரு பத்தியின் மையக் கருத்தைக் கண்டுபிடிக்கும் திறன் ஒரு மொழியில் கைகூடினால் இன்னொரு மொழிக்கும் உதவும் என்று கனடா அறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979இலேயே எழுதினார். நன்கு தெரிந்த மொழியில் அந்தத் திறனை வளர்ப்பது ஆங்கிலத்துக்கும் முதலீடு. ஆங்கிலத்தை நன்றாகவே கற்கட்டும். அதற்காகத் தமிழ் வாசிப்பை நிறுத்த வேண்டியதில்லை.

நம்பிக்கை 6: “ஃபெயிலே கிடையாது, அதனால் யாரும் படிப்பதில்லை.”

உண்மை: எட்டாம் வகுப்பு முடியும்வரை ஒரு பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்தக்கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொன்னது. 2019இல் வந்த திருத்தம் அந்தத் தடையைத் தளர்த்தியது. ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்த தமிழ்நாடு அரசு, கடும் எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரியில் அதைக் கைவிட்டது. ஃபெயில் இல்லை என்பதற்கு மதிப்பீடே இல்லை என்று பொருளல்ல. 2012-13இல் முப்பருவ முறையோடு வந்த தொடர் மதிப்பீட்டில் 40 மதிப்பெண் வளரறி மதிப்பீட்டுக்கு, 60 மதிப்பெண் பருவத் தேர்வுக்கு.

எங்கே தடை என்று தெரிந்து அங்கிருந்து கற்பிப்பதுதான் தேவை. கொரோனாவால் ஏற்பட்ட கற்றல் இடைவெளியைச் சரிசெய்ய 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், பிள்ளைகளை அவர்கள் எட்டிய நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறது. முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை இருந்த திட்டம் அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் விரிந்தது. தன் பிள்ளைக்கு ‘பழைய பாடம்’ நடத்துவதாகப் பெற்றோர் வருத்தப்படத் தேவையில்லை. விட்டதைப் பிடிக்க இதுவே நல்ல வயது.

அடுத்த முறை ஆசிரியரைச் சந்திக்கும்போது, “எத்தனையாவது ரேங்க்?” என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். “படித்தது புரிகிறதா? கடன் வாங்கிக் கழிக்க வருகிறதா? ஏன் என்று கேட்கிறாளா?” என்று கேளுங்கள். இவற்றுக்குப் பதில் தெரிந்துவைத்திருக்கும் ஆசிரியரோடு நீங்களும் கைகோத்தால், ஆறாம் வகுப்பைப் பற்றி இப்போதே கவலைப்பட வேண்டியிராது.