மழைக்கு முன் நீரூற்றை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள்

புரட்டாசி முடியப்போகிறது. தமிழ்நாட்டுக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதியைக் கொடுக்கும் வடகிழக்குப் பருவமழை வாசலுக்கு வந்துவிட்டது. மொட்டை மாடியைக் கூட்டியிருப்பீர்கள், மழைநீர்க் குழாயில் அடைத்த சருகை எடுத்திருப்பீர்கள். ஆயுத பூஜைக்குக் கார், மிக்ஸி, தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிற வீட்டில், வாசலில் நிற்கும் நீரூற்றின் பம்ப் மட்டும் யார் நினைவுக்கும் வருவதில்லை. தண்ணீருக்கு அடியில் கிடப்பதன் தலையெழுத்து அது.

மழை தொடங்கியதும் பெரும்பாலான வீடுகளில் நீரூற்றின் சுவிட்சை அணைத்துவிடுகிறார்கள். மின்சார பயம் ஒரு பக்கம், வானமே கொட்டும்போது இது எதற்கு என்ற நினைப்பு மறு பக்கம். அணைத்த நிமிடத்திலிருந்து அது தண்ணீர் தேங்கிய வெறும் தொட்டி. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. தெளிந்து, அசையாமல் நிற்கும் நல்ல தண்ணீர்தான் அதற்கு வேண்டும். முட்டை கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால் ஒன்று, மழைக்காலம் முழுக்கத் தினமும் ஓட்டுங்கள். இல்லையென்றால் ஒட்ட வடித்துக் காயவைத்து மூடிவிடுங்கள். விருந்தாளி வந்தால் மட்டும் ஓட்டுவது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுவது என்ற நடுவழி மழைக்காலத்துக்கு ஆகாது.

வடிப்பவர்கள் தண்ணீரைக் கொட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ஏடிஸ் முட்டையிடுவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில். காய்ந்துபோனாலும் அந்த முட்டைகள் பல மாதம் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு வருடம் நானும் வெறுமனே வடித்துவிட்டு, பொங்கலுக்குப் புதுத் தண்ணீர் நிரப்பினேன். நான்காம் நாள் தொட்டி நிறையப் புழு. தேங்காய் நாரும் கொஞ்சம் சோப்புத்தூளும் போட்டு உள்சுவரை அழுத்தித் தேயுங்கள். பிறகு வெயிலில் கவிழ்த்து வையுங்கள். கவிழ்க்க முடியாத கல்தொட்டி என்றால் தார்ப்பாய் போட்டு இறுகக் கட்டுங்கள். தார்ப்பாயின் நடுவே பள்ளம் விழுந்து அதில் மழைநீர் நின்றால் பழைய கதைதான். அடியில் ஒரு பானையைக் கவிழ்த்து வைத்துக் கூரைபோலச் சரிவு கொடுங்கள்.

ஓட்டப்போகிறவர்களுக்கு முதல் வேலை மின்சாரம். பம்புக்குப் போகும் இணைப்பில், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் போட்ட பிறகே ஓட்டுங்கள். வயர் நடுவில் வெட்டி, டேப் சுற்றி ஒட்டுப்போட்டிருந்தால் அந்த வயரையே மாற்றுவதுதான் சரி. பிளக் பாயின்ட் மழை படாத உயரத்தில் இருக்கட்டும். வயர் பிளக்குக்கு ஏறும் முன் ஒரு வளைவு கீழே தொங்க வேண்டும், வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். தொட்டிக்குள் கை விடும் முன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும் பிடுங்குங்கள்.

பம்பின் முன்மூடியைக் கழற்றினால் உள்ளே சின்னக் காற்றாடி மாதிரி இம்பெல்லர் இருக்கும். முடி, பாசி, வேப்பிலைக் காம்பு எல்லாம் அதில்தான் சுற்றிக் கிடக்கும். போர் தண்ணீர் வீடுகளில் அதன்மேல் வெள்ளையாக உப்பும் பொருக்குக் கட்டியிருக்கும். எலுமிச்சை உப்பைக் கரைத்த தண்ணீரில் அரை மணி ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். கருங்கல்லில் படிந்த வெள்ளைக் கறைக்கும் இதே வைத்தியம். பளிங்கிலும் சிமென்டிலும் மட்டும் வேண்டாம், அரித்துவிடும். கழிவறை ஆசிட் எதற்குமே வேண்டாம். இந்த உப்புத் தொல்லைக்கு நல்ல மருந்து வானத்திலிருந்தே வருகிறது: முதல் இரண்டு மழையை விட்டுவிட்டு, அடுத்த மழையைப் பிடித்துத் தொட்டியை நிரப்புங்கள்.

தினமும் ஓடினாலும் மூலையில் தண்ணீர் தேங்கும். மூன்றடுக்குக் கிண்ண நீரூற்று வைத்திருப்பவர்கள், பம்ப் நின்ற பிறகு மேல் கிண்ணங்களில் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். வாரம் ஒருமுறை அதைத் துடைத்தெடுங்கள். கீழ்த்தொட்டிக்கு மீன் விடலாம். கொசுப்புழு தின்ன எல்லோரும் சொல்வது கம்பூசியா. எனக்கு அதில் உடன்பாடில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் நம் மீன்களின் குஞ்சுகளையும் தவளைக் குஞ்சுகளையும் விட்டுவைக்காது, மழையில் தொட்டி வழிந்தால் கால்வாய்க்குப் போய்விடும். நம் குளம் குட்டைகளிலேயே தலையில் வெள்ளிப் பொட்டு மின்னும் சிறுமீன் ஒன்று உண்டு. புழு தின்பதில் அதுவும் கெட்டி. எந்த மீன் விட்டாலும் வழிகுழாயில் வலை கட்டுங்கள். மீன் வேண்டாம் என்பவர்களுக்கு பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்து இருக்கிறது. 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டெடுத்தது. கொசுப்புழுவைக் கொல்லும், மீனையும் மனிதரையும் ஒன்றும் செய்யாது.

அல்லி வைத்திருப்பவர்கள் அதையும் நீரூற்றையும் ஒரே தொட்டியில் சேர்க்காதீர்கள். இலைமேல் ஓயாமல் தண்ணீர் தெறிப்பது அல்லிக்குப் பிடிக்காது.

தீபாவளித் தள்ளுபடியில் புதிதாக வாங்க நினைக்கிறவர்களுக்கு: அவசரமில்லையென்றால் தை பிறக்கட்டும். வாங்கியே தீருவேன் என்றால் சில கணக்குகள். பம்ப் பெட்டியில் அதிகபட்ச உயரம் 2 மீட்டர் என்று போட்டிருந்தால், 2 மீட்டரில் ஒரு சொட்டும் வராது என்றே பொருள். தண்ணீர் ஏறவேண்டிய உயரத்தைப்போல இரண்டு பங்காவது எழுதியிருப்பதை எடுங்கள். பீறிட்டு எழும் நீரின் உயரத்துக்கு இரண்டு மடங்கு அகலத் தொட்டி வேண்டும், இல்லாவிட்டால் காற்றடித்தால் பாதித் தண்ணீர் தரையில். 40 வாட் பம்ப் தினம் 8 மணி நேரம் ஓடினால் மாதம் 9.6 யூனிட். மாடியில் வைப்பதானால் எடையை மறக்க வேண்டாம்: ஒரு மீட்டர் நீள அகலமும் 30 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள தொட்டியில் தண்ணீர் மட்டுமே 300 கிலோ. மழை ஊருக்கு ஏற்றது என்று நான் சொல்வது, தண்ணீர் கூழாங்கற்களுக்கு இடையே விழுந்து அடித்தொட்டிக்கு இறங்கிவிடும் வகை. கல்லுக்கு அடியில் கொசுவலை விரித்துவிட்டால் திறந்த தண்ணீரே கண்ணில் படாது.

கூடத்தில் பூ மிதக்கும் உருளியும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள், பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வீர்கள். கிளம்பும் முன் உருளித் தண்ணீரை மறக்காமல் நீங்களே கொட்டிவிட்டுப் போங்கள்.