ஜவுளிக்கடையில் சுவிசேஷம்

அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ்குவைப் பற்றிப் பேசும் நம் ஜனங்கள், அவர் பறவைகளுக்குப் பிரசங்கித்ததையும், 1223-ஆம் ஆண்டு கிரேச்சியோவில் மாட்டையும் கழுதையையும் நிறுத்தித் தேவபாலனின் பிறப்பைக் கண்முன் காட்டியதையும் சொல்லி மகிழ்கிறார்களேயன்றி, துணி வியாபாரியான பியேத்ரோ பெர்னார்தோனேயின் மகனாய்ப் பிறந்து, தகப்பனாரின் கடையில் துணி விற்று வளர்ந்தவர் அவர் என்பதை அபூர்வமாகவே நினைக்கிறார்கள். ஜவுளிக்கடை வைத்துக் குடும்பம் நடத்தும் எனக்கு அந்தச் செய்தியே அவரை நெருங்குவதற்கு வாசலாயிற்று.

மடத்துக்குப் போகாமல், இல்லறத்திலும் தொழிலிலும் இருந்துகொண்டே அவர் வழியில் சுவிசேஷத்தை அனுசரிக்க விரும்பினவர்களுக்கென்று ஏற்பட்டது மூன்றாம் சபை. அதன் பழைய ஒழுங்கு 1221-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் ஆதி அங்கத்தினர் என்று பரம்பரையாகச் சொல்லப்படுகிறவர்கள், போஜிபோன்ஸி என்னும் ஊரில் வியாபாரியாயிருந்த லுக்கேசியோவும் அவர் மனைவி புவோனதோன்னாவும். தம்பதிகளாக இருந்தபடியே ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் ஊழியம் செய்தவர்கள்.

1208-ஆம் ஆண்டு பிரான்சிஸ்குவும் அசிசியின் செல்வந்தர் பெர்னார்துவும் புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் சுவிசேஷப் புத்தகத்தை மும்முறை திறந்து பார்த்து, கண்டதைத் தாமதமின்றிக் காரியமாக்கினார்கள். பெர்னார்து தம் உடைமைகளையெல்லாம் விற்றுத் தரித்திரருக்குப் பங்கிட்டார். வியாக்கியானங்களைச் சேகரிப்பதற்காக அவர்கள் வாசிக்கவில்லை. இதை மனத்தில் வைத்து நான் கைக்கொள்ளும் வழக்கம் ஒன்று உண்டு: இரவு கடை கட்டிய பிறகு, மறுநாள் பூசையில் வாசிக்கப்படும் சுவிசேஷப் பகுதியை நிதானமாக வாசித்து, அதில் ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, நாளைக்கு என் எதிரே வந்து நிற்கப்போகும் மனிதர்களில் யாருக்கு, எந்தக் கொடுக்கல் வாங்கலில் இது பொருந்தும் என்று பெயர் சொல்லி யோசித்துவிட்டே படுக்கப் போவது. பொதுவாகத் தியானித்தால் மனம் உருகும். ஆனால் காலையில் கடை திறந்தவுடன் அந்த உருக்கம் இருந்த இடம் தெரியாது. பெயர் சொல்லி யோசித்தால் அந்த மனிதர் படியேறி வரும்போது வசனமும் கூடவே வந்துவிடுகிறது.

நாம் அளக்கும் அளவாலேயே நமக்கும் அளக்கப்படும் என்று ஆண்டவர் போதித்த பகுதி வந்த நாளில் எனக்கு யோசனைக்கு இடமே இருக்கவில்லை. ரவிக்கைத் துணியை மீட்டர் கோலில் இழுத்துப் பிடித்து அளந்தால் ஒவ்வொரு மீட்டரிலும் சிறிது மிச்சமாகும் என்பது தொழிலில் இருப்பவர் அனைவரும் அறிந்தது. ஏமாந்தது, துணி முதல் தண்ணீர் கண்ட பிறகுதான் வாங்கினவளுக்குத் தெரியும். எங்கள் கடையில் துணியை மேசைமேல் தளர விட்டு, சுருக்கத்தைக் கையால் நீவி, அளவு முடிந்த இடத்திலிருந்து இரண்டு விரற்கடை தள்ளியே கத்தரி வைப்பது வழக்கம். புதிதாய் வேலைக்கு வரும் பையன்களுக்கு நான் முதலில் கற்பிப்பது இதைத்தான். ஜெபத்தைப் பற்றிய பேச்செல்லாம் பிறகு.

பாக்கி வசூலிலும் இந்த ஆன்மிகம் நன்றாகவே சோதிக்கப்படுகிறது. தம் சகோதரர்கள் ‘சிறியவர்கள்’ என்றே அழைக்கப்பட வேண்டுமென விரும்பியவர் அசிசியார். கடன் கொடுத்தவன் கடன்பட்டவன்முன் சிறியவனாக நிற்பது எளிதன்று. பத்துப் பேர் முன்னிலையில் பாக்கியைக் கேட்பதில்லை, தீபாவளிக்குக் குழந்தைகளோடு வருகிறவரிடம் பேரேட்டைத் திறப்பதில்லை என்ற இரண்டையும் கைக்கொண்டு பாருங்கள். பணம் கொஞ்சம் தாமதமாக வருகிறது, அவ்வளவே.

ஆதிகால மூன்றாம் சபையாரிடம் கேட்கப்பட்டவை வெறும் பக்தி முயற்சிகள் மாத்திரமல்ல என்பது என்னை இன்றும் வியக்கச் செய்கிறது. 1289-ஆம் ஆண்டு நான்காம் நிக்கோலாஸ் பாப்பரசர் உறுதிப்படுத்திய ஒழுங்கு, அநியாயமாய்ச் சேர்த்ததைத் திருப்பிக் கொடுக்கவும், அயலாரோடு சமாதானமாகவும், சேர்ந்த மூன்று மாதத்துக்குள் உயில் எழுதவும் விதித்தது. பிற்பாடு வீட்டில் சண்டை மூளாதிருக்கும்படி உயிலையும் சமாதான முயற்சியாகக் கருதியிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. நான் உயில் பேச்சை எடுத்தபோது, “நல்லா இருக்கும்போதே எதுக்குங்க உயிலும் கியிலும்?” என்று என் மனைவி கலங்கினாள். பிறகு அவளே பக்கத்தில் உட்கார்ந்து, என் தங்கைகளுக்குத் தகப்பனார் வீட்டில் உள்ள பாத்தியதையை முதலில் எழுதச் சொன்னாள். சொத்து உள்ளவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது நடைமுறையில் இருப்பது 1978-ஆம் ஆண்டு ஆறாம் சின்னப்பர் பாப்பரசர் அங்கீகரித்த ஒழுங்கு. வார்த்தைப்பாட்டுக்கு முன் ஓராண்டேனும் பயிற்சி உண்டு. வார்த்தைப்பாடோ ஆயுள் முழுமைக்கும் ஆனது. ஆகவே சேர நினைப்பவர்கள் அவசரப்படாமல், அருகிலுள்ள கப்புச்சின் மடத்திலோ பிரான்சிஸ்கு சபையாரின் மடத்திலோ விசாரித்து, சகோதரக் கூட்டங்களுக்குச் சில மாதம் போய்வரலாம். விவாகமானவர்கள் துணைவரையும் அழைத்துக்கொண்டு போவது உத்தமம். அங்கே பேச்சு சில வேளை நீளும், பாட்டு சுருதி சேராது. ஆயினும் வியாபாரியும் ஆசிரியையும் கூலிக்காரரும் ஒருவரையொருவர் சகோதரரென்று அழைத்து, அந்த மாதத்துச் சுவிசேஷம் தத்தம் வீட்டில் என்ன செய்தது என்று சொல்லக் கேட்கும் இடம், நான் அறிந்தவரை, வேறெங்கும் இல்லை.