பாடம் 6: முதல் வேலையும் அடுத்த படியும்

நுழையுமுன்

முதல் வேலை ஒருவரது வாழ்க்கை முழுவதையும் தீர்மானித்துவிடுவதில்லை. எனினும் இரண்டாம் வேலை எத்திசையில் அமையும் என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தே இருக்கிறது. கணினி வலையமைப்புத் துறைக்குச் செல்ல விரும்புவோர் வாடிக்கையாளர் சேவைப் பணியில் தொடங்கலாமா? இவ்வினாவை ஆராய்ந்து விடை காணும் முறையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

1. வலையமைப்புப் பணி யாது?

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கப்பெற்றது. அன்று தொலைபேசிக் கம்பி வழியே ஒரு சிலருக்கு மட்டும் கிடைத்த அவ்வசதியை இன்று வங்கியும் மருத்துவமனையும் தொடர்வண்டி முன்பதிவும் நம்பியிருக்கின்றன. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கம்பிகள், ஸ்விட்சுகள், ரூட்டர்கள் ஆகியவற்றை அமைப்பதும், அவை தடையின்றி இயங்குமாறு காப்பதும், பழுது நேர்ந்தால் காரணம் கண்டு சீர்செய்வதும் வலையமைப்புப் பொறியாளரின் பணிகளாகும்.

இத்துறையில் நுழைவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. தவறாகக் கொடுத்த ஒரே கட்டளையால் ஒரு கிளை அலுவலகம் முழுவதும் இணைப்பை இழந்துவிடக்கூடும். எனவே நிறுவனங்கள் புதியவர்களிடம் ரூட்டரை உடனே ஒப்படைப்பதில்லை. முன் அனுபவம் கேட்கின்றன. வேலை கிடைத்தால்தான் அனுபவம் வரும். அனுபவம் இருந்தால்தான் வேலை கிடைக்கும். இச்சுழலிலிருந்து வெளிவர உதவும் வாயிலாகவே பலரும் வாடிக்கையாளர் சேவைப் பணியைக் கருதுகின்றனர்.

2. இரு கருத்துகள்

கணினிப் பயன்பாட்டியலில் பட்டம் பெற்ற ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். அவள் குடும்பம் தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்கு வந்து குடியேறியது. நொய்டாவிலுள்ள சேவை மையம் ஒன்று அவளுக்கு வேலை தர முன்வருகிறது. வீட்டு வாடகையும் தம்பியின் படிப்புச் செலவும் காத்திருக்கின்றன.

“வந்த வேலையை விடாதே அம்மா. சேர்ந்துகொண்டே மேலே படிக்கலாம்” என்கிறார் தந்தை. “தொலைபேசி எடுக்கும் வேலைக்குப் போனால் பிறகு அதிலேயே தங்கிவிடுவாய், கண்ணு” என்கிறார் தாய்மாமன். இருவர் கூற்றிலும் உண்மை இருக்கிறது. எவர் கூற்று பொருந்தும் என்பதை அவ்வேலையின் இயல்பை அறிந்தே கூற இயலும்.

3. பெயர் ஒன்று, வேலை மூன்று

‘வாடிக்கையாளர் சேவை’ என்னும் ஒரே பெயரில் மூன்று வகை வேலைகள் அடங்கியுள்ளன.

முதல் வகை, கணக்கும் கட்டணமும் பற்றியது. ‘பணம் திரும்ப வரவில்லை’, ‘பொருள் வந்து சேரவில்லை’ என்பன போன்ற குறைகளைக் கேட்டுப் பதில் கூறுவது இது. பேச்சுத்திறனும் பொறுமையும் வளரும். வலையமைப்பு அறிவு வளராது.

இரண்டாம் வகை, இணையச் சேவை நிறுவனங்களின் தொழில்நுட்ப உதவி. இணைப்பு ஏன் துண்டிக்கப்பட்டது, வேகம் ஏன் குறைந்தது என்று ஆராய்வதே இங்கு நாள்தோறும் நிகழும் பணி.

மூன்றாம் வகை, ஒரு நிறுவனத்தின் ஊழியர்களுக்கு உதவும் கணினி உதவி மேசை, அல்லது வலையமைப்பைக் கண்காணிக்கும் மையத்தின் முதல் நிலைப் பணி. எச்சரிக்கைகளைக் கவனிப்பதும், அவற்றைப் பதிவு செய்வதும், உரிய பொறியாளருக்கு அனுப்புவதும் இதில் அடங்கும். வலையமைப்புத் துறைக்கு மிக அருகில் இருப்பது இவ்வகையே.

4. ஓர் அழைப்பு, நான்கு சோதனைகள்

‘வீட்டில் நெட் வரவில்லை’ என்று ஒருவர் அழைக்கிறார். எழுதித் தரப்பட்ட வரிகளை மட்டும் படிக்கும் ஊழியர், ‘ரூட்டரை அணைத்து மீண்டும் போடுங்கள்’ என்று கூறி அழைப்பை முடித்துவிடலாம். கற்க விரும்பும் ஊழியரோ பின்வரும் வரிசையில் ஆராய்வார்.

முதலாவது, கம்பியும் விளக்கும். கண்ணாடியிழை இணைப்பின் கருவியில் சிவப்பு விளக்கு மின்னினால், ஒளிச்சைகை வந்து சேரவில்லை என்பது பெரும்பாலும் பொருள். அங்கு மென்பொருளில் தேடிப் பயனில்லை.

இரண்டாவது, முகவரி. கணினியின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் கணினி தானே ஒன்றை இட்டுக்கொண்டது என்று அறியலாம்.

மூன்றாவது, சென்றடைதல். 1983இல் மைக் மியூஸ் என்பவர் எழுதிய ‘பிங்’ என்னும் சிறு நிரலால், முதலில் வீட்டு ரூட்டரும் பின்னர் வெளியுலகக் கணினி ஒன்றும் மறுமொழி தருகின்றனவா என்று காணலாம். ரூட்டர் மறுமொழி தந்து வெளியுலகம் தராவிட்டால், பழுது பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே இருக்கிறது.

நான்காவது, பெயர். எண் முகவரிக்கு மறுமொழி வந்தும் இணையதளத்தின் பெயரைத் தட்டச்சிட்டால் திறக்காவிட்டால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பில் ஐயம் கொள்ள வேண்டும்.

அடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வோர் அடுக்காக ஐயத்தை நீக்கிச் செல்வதே இம்முறையின் உயிர்நாடி. பாடநூல்களில் 7 அடுக்குகளாக விளக்கப்படும் ஓஎஸ்ஐ மாதிரியும் இச்சிந்தனைக்குத் துணைபுரிகிறது. ஆகவே, ஒரே அழைப்பு ஒருவருக்குச் சலிப்பாகவும் மற்றொருவருக்குப் பயிற்சியாகவும் அமைகிறது.

5. கிடைப்பதும் கிடைக்காததும்

சேவைப் பணியால் கிடைப்பவை பல: பதற்றத்தோடு பேசுபவரிடமிருந்து உண்மைச் செய்தியைக் கேட்டறியும் திறன், வினாக்களை வரிசைப்படுத்தும் பழக்கம், நிகழ்ந்ததை அடுத்தவருக்கு விளங்குமாறு தெளிவாகப் பதிவு செய்யும் ஆற்றல். பொறியாளராக உயர்ந்த பின்னரும் இவை பயன்படும்.

கிடைக்காதவையும் உண்டு. ஸ்விட்சை அமைப்பதும், ரூட்டர்களுக்கு வழி வகுப்பதும், முகவரிகளைப் பங்கிடுவதும் தொலைபேசியில் பேசிக் கற்க இயலாதவை. எடுத்துக்காட்டாக, 256 முகவரிகள் கொண்ட தொகுதியை 4 சம பிரிவுகளாக்கினால் ஒவ்வொன்றிலும் 64 முகவரிகள் இருக்கும். முதலும் கடைசியும் தனிப் பயனுக்கு ஒதுக்கப்படுவதால் கருவிகளுக்கு வழங்கத்தக்கவை 62 மட்டுமே. இத்தகைய கணக்கைத் தனியே அமர்ந்து பயில வேண்டும். சிஸ்கோ நிறுவனத்தின் பாக்கெட் டிரேசர் என்னும் பயிற்சி மென்பொருள் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அந்நிறுவனத்தின் சிசிஎன்ஏ தேர்வை எழுத முன்தகுதி எதுவும் கட்டாயமில்லை. அச்சான்றிதழ் 3 ஆண்டுகளுக்குச் செல்லும்.

வேற்று மாநிலத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் இன்னொன்றையும் கருத வேண்டும். தமிழும் இந்தியும் ஆங்கிலமும் பேசுவோரைச் சேவை மையங்கள் விரும்பி ஏற்கின்றன. ஆனால் தமிழ் அழைப்புகளை ஏற்க வேறு ஆளில்லை என்ற நிலை வந்தால், அவரை வேறு பிரிவுக்கு அனுப்ப மேலாளர் தயங்கலாம். உள்ளே விட்ட மொழித்திறனே கதவை அடைத்துவிடவும் கூடும்.

6. சேருமுன் கேட்க வேண்டியவை

நேர்காணலின்போது பணிவுடன் சில வினாக்களைக் கேட்கலாம், அதில் தவறில்லை.

அ. வரும் அழைப்புகள் எத்தகையவை? கட்டணம் பற்றியனவா, இணைப்பு பற்றியனவா?
ஆ. சோதனைக் கருவிகளை ஊழியரே இயக்கலாமா, எழுதிய வரிகளைப் படிக்க மட்டுமே இடமுண்டா?
இ. மேல்நிலைக்கு அனுப்பிய பழுதை எவ்வாறு சரிசெய்தனர் என்பதைப் பின்னர்ப் பார்க்க இயலுமா?
ஈ. இங்கிருந்து வலையமைப்புப் பிரிவுக்கு மாறியவர் உளரா? எத்தனை மாதங்களில் மாறினர்?
உ. இரவுப்பணி எத்தனை நாள்? படிக்க நேரம் எஞ்சுமா?
ஊ. இத்தனை ஆண்டுகள் விலகக்கூடாது என்னும் ஒப்பந்தம் உண்டா? அசல் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொல்கிறார்களா?

வேலை தருவதற்கு முன்பணம் கேட்கும் எவரையும் நம்பலாகாது.

7. தேர்ந்த முடிவு

இரண்டாம், மூன்றாம் வகை வேலையானால் அது நல்ல முதற்படி, சேரலாம். முதல் வகையானால், குடும்பத் தேவைக்காக அதை ஏற்பதில் இழுக்கு ஏதுமில்லை. ஆனால் அது வலையமைப்பு அனுபவமாகாது என்னும் தெளிவு வேண்டும். எவ்வகையில் சேர்ந்தாலும் காலவரையறை ஒன்றை நாமே வகுத்துக்கொள்ள வேண்டும். 12 மாதங்களுக்குள் ஒரு சான்றிதழும், தாமே கண்டறிந்த பழுதுகளின் குறிப்பேடும் கையில் இருந்தால், அடுத்த நேர்காணலில் ‘அழைப்புகளை ஏற்றேன்’ என்பதோடு நில்லாமல், ‘இன்ன பழுதை இன்ன முறையில் கண்டறிந்தேன்’ என்று கூற முடியும். வேலை கொடுப்பவர் கேட்க விரும்புவதும் அதுவே.

சொற்பொருள்

இடர்ப்பாடு – தடை, சிக்கல்
கண்ணாடியிழை – ஒளி வழியே செய்தி கடத்தும் மெல்லிய இழை
ஒளிச்சைகை – ஒளி வடிவில் அனுப்பப்படும் செய்தி
உயிர்நாடி – இன்றியமையாத கூறு
இழுக்கு – குறை, தாழ்வு
காலவரையறை – கால எல்லை

பயிற்சி

அ. பிரித்து எழுதுக
1. முதற்படி 2. பேச்சுத்திறன் 3. வலையமைப்பு 4. காலவரையறை

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக
1. நிறுவனங்கள் புதியவர்களிடம் ரூட்டரை உடனே ஒப்படைக்காதது ஏன்?
2. ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் என்ன அறிகிறோம்?
3. ‘உள்ளே விட்ட மொழித்திறனே கதவை அடைத்துவிடவும் கூடும்’ – விளக்குக.

இ. விரிவாக விடை எழுதுக
1. தந்தையின் கூற்று, தாய்மாமனின் கூற்று இரண்டும் எவ்வெச்சூழலில் பொருந்தும்? பாடத்தின் வழி ஆராய்க.
2. முகவரி சரியாக உள்ளது. வீட்டு ரூட்டர் மறுமொழி தருகிறது. வெளியுலகக் கணினி தரவில்லை. வாடிக்கையாளருக்குக் கூற வேண்டிய செய்தியையும், பொறியாளருக்கு அனுப்ப வேண்டிய குறிப்பையும் தனித்தனியே எழுதுக.

ஈ. செயல்பாடு
உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ வேலை பார்க்கும் ஒருவரிடம், அவரது முதல் வேலை இரண்டாம் வேலைக்கு எவ்வாறு உதவியது என்று கேட்டறிந்து, பத்து வரிகளில் தமிழில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.