காரின் பின்னால் சைக்கிள் ஏற்றும் முன்...

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடிக்கோ வேளாங்கண்ணிக்கோ போகும்போது பிள்ளைகளின் சைக்கிளையும் கொண்டுபோக ஆசைப்படும் குடும்பங்கள் உண்டு. சைக்கிள் தாங்கியை மாட்டுவதற்கான இழுவைக் கொக்கியை வாங்கும் முன் காரோடு வந்த கையேட்டைப் பார்க்க வேண்டும். கொக்கிக்கு அதில் இடமுண்டா, எத்தனை கிலோ தாங்கும் என்பதே முதல் கேள்வி.

● மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2017 டிசம்பரில் மத்திய அரசு கார்களின் முன்பக்க இரும்புத் தடுப்புகளுக்குத் தடை சொன்னதும் இப்பிரிவைக் காட்டித்தான். எனவே கொக்கி பொருத்தலாமா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுத் தெளிவது அவசியம்.

● பம்பர் வெறும் பிளாஸ்டிக். கொக்கியை அடிச்சட்டத்தில்தான் போல்ட் போட்டு இறுக்க வேண்டும்.

● சாதாரண சைக்கிள் ஒன்றே சுமார் 20 கிலோ இருக்கும். தாங்கியின் எடையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

● நம்பர் பிளேட், பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் எதுவும் மறையக் கூடாது.

● கடற்கரை உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். போய் வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, கிரீஸ் தடவுவது நல்லது.

● கிளம்பிச் சில கிலோமீட்டரில் வண்டியை நிறுத்தி, சைக்கிளைக் கட்டிய பட்டைகளின் இறுக்கத்தைச் சரிபார்க்க வேண்டும்.

கொக்கிக்கு வழியில்லாத சிறிய கார் என்றால், பின் சீட்டை மடித்து, முன் சக்கரத்தைக் கழற்றிய சைக்கிளை உள்ளே வைப்பதே பாதுகாப்பு.